புது நாயும் பழைய நாயும்: முதல் சந்திப்பை எங்கே, எப்படி வைப்பது?

தெருநாய்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று பிறப்பித்த உத்தரவில், பலர் கவனிக்காமல் கடந்துபோன ஒரு பகுதி உண்டு. விருப்பமுள்ளவர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த நாய் மறுபடி தெருவுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது எடுத்தவரின் பொறுப்பு. கருத்தடை, தடுப்பூசி, உணவிடும் இடம் என்று நடந்த விவாதங்களுக்கு நடுவே இது அமுங்கிப்போனது.

வீட்டில் ஏற்கெனவே ஒரு நாய் இருப்பவர்களுக்கு இந்தப் பகுதிதான் முக்கியம். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் "கொண்டுபோய் விட்டுடலாம்" என்ற வழி இனி இல்லை. விட்டுவிடுவது எப்போதுமே தவறுதான். இப்போது உத்தரவும் அதையே சொல்கிறது. ஆகவே முதல் சந்திப்பைச் சரியாக நடத்தியே தீர வேண்டும்.

நம் ஊரில் இதற்குப் பெரும்பாலும் ஒரே யோசனைதான் கிடைக்கும்: "விடுங்க, அதுங்களே ரெண்டு கடி கடிச்சுக்கிட்டுப் பழகிடும்." இந்த யோசனை எங்கே தவறுகிறது என்பது புரிந்தால், என்ன செய்ய வேண்டும் என்பதும் பாதி புரிந்துவிடும்.

## தெருவில் இரண்டு நாய்கள் சந்திக்கும் விதம்

விடியற்காலையில், கயிறு கட்டாத இரண்டு நாய்கள் சந்திப்பதைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். ஒன்று நின்றுவிடும். மற்றது நேராக வராது. வில் போல வளைந்து, பக்கவாட்டில் வரும். நடுவில் நின்று தரையை மோந்து பார்க்கும், அங்கே மோப்பம் பிடிக்க ஒன்றும் இல்லாவிட்டாலும். தலையைத் திருப்பிக்கொள்ளும், மூக்கை நக்கிக்கொள்ளும். நெருங்கிய பிறகும் முகத்துக்கு நேராக நிற்காமல் பின்பக்கம் போகும். இரண்டு மூன்று நொடி மோந்து பார்த்துவிட்டு விலகும். அப்புறம் மற்றதன் முறை.

நார்வே நாட்டுப் பயிற்சியாளர் துரித் ருகாஸ் இந்தத் தலைதிருப்பல், தரைமோப்பம், வளைந்த நடை எல்லாவற்றுக்கும் சேர்த்து அமைதிச் சைகைகள் என்று பெயர் வைத்தார். "நான் வம்புக்கு வரவில்லை" என்று ஒரு நாய் இன்னொரு நாய்க்குச் சொல்லும் பாஷை அது.

பின்பக்க மோப்பத்தைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் அதைத் தடுக்கவே கூடாது. நாயின் மூக்கில் மோப்பச் செல்கள் 20 கோடிக்கு மேல் இருப்பதாகக் கணக்கு. மனிதருக்கு 50, 60 லட்சம்தான். மேலண்ணத்தை ஒட்டி வேதிச் சைகைகளை உணர்வதற்கென்றே தனி உறுப்பும் நாய்க்கு இருக்கிறது. எதிரில் நிற்பது ஆணா பெண்ணா, பருவத்தில் இருக்கிறதா என்பதெல்லாம் அந்தச் சில நொடியில் தெரிந்துவிடும்.

ஆக, நல்ல சந்திப்புக்கு மூன்று தேவைகள்:

1. ஒன்றையொன்று முதலில் பார்க்கும்போது நடுவே போதிய தூரம்.
2. நேருக்கு நேர் வராமல் பக்கவாட்டில் வருவதற்கான இடம்.
3. பிடிக்காவிட்டால் விலகிப்போக ஒரு வழி.

நாம் சந்திப்பு நடத்தும் இடங்களை யோசித்துப் பாருங்கள். வாசல் கேட், மாடிப்படி, லிப்ட், அபார்ட்மெண்ட் நடைபாதை, வீட்டு ஹால். இந்த மூன்றில் ஒன்றுகூட அங்கே கிடைப்பதில்லை.

## "யார் பெரியவன்னு தீர்மானிக்கட்டும்" என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது?

1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற சுவிஸ் ஆய்வாளர், விலங்குக்காட்சிச் சாலையில் அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பற்றி எழுதினார். இடநெருக்கடியில் அவை ஓயாமல் மோதிக்கொண்டன, மேல் கீழ் என்று வரிசை உண்டாயிற்று. அதுதான் ஓநாயின் இயல்பு, நாயின் இயல்பும் அதுவே என்று பிற்காலத்தில் பரவிவிட்டது. இந்தக் கருத்தைப் பரப்பியவர்களில் ஒருவர் அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக். காட்டு ஓநாய்களோடு பல ஆண்டுகள் கழித்த பிறகு, 1999-இல் அவரே அதைத் திருத்தி எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது ஒரு குடும்பம். அப்பா, அம்மா, அவற்றின் குட்டிகள். பதவிக்காகச் சண்டை போட்டுத் தலைவனாகும் கதை அங்கே பொருந்தவில்லை.

வீட்டு நாய்க்கு இதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். முதல் நாளே சண்டை போட்டு வரிசையை முடிவு செய்துகொள்ள வேண்டிய அவசியம் எந்த நாய்க்கும் இல்லை. சண்டையிலிருந்து நாய் கற்றுக்கொள்வது "அந்த நாய் வந்தால் வலிக்கும்" என்பதைத்தான். அந்தப் பயத்தை அழிக்க மாதக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கும்.

## கயிறு இறுகும்போது என்ன நடக்கிறது

லிப்ட் கதவு திறக்கிறது. உள்ளே ஒரு லாப்ரடார், வெளியே கயிற்றோடு ஒரு நாட்டு நாய். இரண்டும் ஒன்றையொன்று பார்த்த அடுத்த நொடி, வெளியே நிற்பவர் பயத்தில் கயிற்றைச் சுருட்டிக் கையில் இழுத்துப் பிடிக்கிறார். கழுத்துப்பட்டை மேலே ஏறுகிறது. நாயின் முன்கால்கள் லேசாகத் தூக்குகின்றன, மார்பு விரிகிறது, தலை நேராகிறது. லாப்ரடாரின் கண்ணுக்கு அது விறைத்து நிற்கும் நாய், சண்டைக்குத் தயாராக நிற்கும் நாய். வெளியே நிற்கும் நாய்க்கோ மூச்சு முட்டுகிறது, விலகவும் வழியில்லை. தப்பி ஓட முடியாத விலங்கு எதிர்த்து நிற்கும். அது குரைத்துப் பாய்கிறது. "என் நாய்க்கு மற்ற நாய்களைக் கண்டாலே ஆகாது" என்று வீட்டில் பேச்சாகிவிடுகிறது.

கயிறில்லாமல் ஒழுங்காக இருக்கும் நாய், கயிறு கட்டினால் மட்டும் சீறுவது இதனால்தான். கேட்டுக்குப் பின்னால் நின்று ஓயாமல் குரைப்பதும் கிட்டத்தட்ட இதே கதை. போக நினைத்தும் போக முடியாத எரிச்சல் அது.

இதற்காகக் கயிற்றை விட்டுவிடக் கூடாது. பொது இடத்தில் கயிறு கட்டாயம் வேண்டும். கயிறு தொய்வாக இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம். கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ், 2 மீட்டர் நீளமுள்ள சாதாரணக் கயிறு. இழுத்தால் நீண்டுகொண்டே போகும் சுருள் லீஷ் வேண்டாம். அது எப்போதும் விறைப்பாகவே இருக்கும், இரண்டு நாய்கள் சுற்றினால் காலை அறுத்துவிடும்.

## வால் ஆடினால் சந்தோஷமா?

இல்லை. வால் ஆடுவது நாய் உள்ளுக்குள் கிளர்ந்திருக்கிறது என்பதற்கான அடையாளம் மட்டுமே. இத்தாலியின் பாரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தன் வளர்ப்பாளரைப் பார்த்த நாய்களின் வால் வலப்பக்கம் அதிகமாக வீசியது. மிரட்டும் தோரணையுள்ள, முன்பின் தெரியாத நாயைப் பார்த்தபோது இடப்பக்கம் அதிகமாக வீசியது. இந்த இட வல வேறுபாட்டை நாம் வெறும் கண்ணால் பிடிப்பது கடினம். ஆனால் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள் வேறு இருக்கின்றன.

இடுப்பும் சேர்ந்து ஆட, நடு உயரத்தில் தளர்வாக வீசும் வால் நல்ல வால். மேலே தூக்கி, விறைப்பாக, சின்னச் சின்னத் துடிப்பாக ஆடும் வால் எச்சரிக்கை. வயிற்றோடு ஒட்டிய வால் பயம்.

வாலைவிட வாயைப் பாருங்கள் என்பேன். தளர்ந்து லேசாகத் திறந்த வாய் என்றால் கவலையில்லை. மூச்சிரைத்துக்கொண்டிருந்த நாய் சட்டென்று வாயை மூடி, உடம்பு அசையாமல், கண்ணிமைக்காமல் பார்த்தால் அது ஆபத்தான நொடி. அந்த உறைநிலை ஒன்று இரண்டு நொடிதான் நீடிக்கும். அதற்கடுத்து வருவது பாய்ச்சல். அந்த இடைவெளியில் பெயர் சொல்லி அழைத்து, உடம்போடு திருப்பிக் கூட்டிச் சென்றுவிட்டால் பெரும்பாலான சண்டைகள் நடக்கவே நடக்காது.

உறுமியதற்காக நாயை அடிக்காதீர்கள். உறுமல் என்பது "இதற்கு மேல் வராதே" என்ற அறிவிப்பு. அடித்து அடித்து உறுமலை நிறுத்தினால், அறிவிக்காமல் கடிக்கும் நாய்தான் மிஞ்சும்.

## விளையாட்டு எது, சண்டை எது

விளையாடும் நாய்கள் துரத்துகின்றன, கவ்வுகின்றன, மேலே ஏறுகின்றன, உறுமுகின்றன. சண்டையிலும் இதெல்லாம் உண்டு. அதனால்தான் பார்ப்பவர்களுக்குக் குழப்பம்.

முதல் அடையாளம் விளையாட்டுக் குனிவு. முன்கால்களை நீட்டி முழங்கை தரையில் பட, பின்பக்கம் மேலே தூக்கி நிற்கும் நிலை. கொலராடோ பல்கலைக்கழகத்தின் மார்க் பெகாஃப் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். கவ்வித் தலையை உதறுவது போன்ற, தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்புள்ள செயல்களுக்குச் சற்று முன்போ பின்போ இந்தக் குனிவு அதிகம் வருவதை அவர் கண்டார். "இது விளையாட்டுக்குத்தான்" என்று நாய் நடுநடுவே உறுதி சொல்லிக்கொள்கிறது.

இரண்டாவது, பலமான நாய் தன் பலத்தைக் குறைத்துக்கொள்வது. பெரிய நாய் தானாகவே மல்லாந்து படுத்துச் சின்ன நாயைத் தன் மேல் ஏறவிடும். மூன்றாவது, இடைவெளி. நல்ல விளையாட்டு தொடர்ந்து நடக்காது. சட்டென்று இரண்டும் நிற்கும், உடம்பை உதறும், தண்ணீர் குடிக்கும், மறுபடி தொடங்கும்.

துரத்துவதும் துரத்தப்படுவதும் சரிபாதியாக மாறிமாறி நடக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். பார்பரா ஸ்மட்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் செய்த ஆய்வுகளில் அப்படிச் சரிபாதியாக இல்லாமலே பல ஜோடிகள் நன்றாக விளையாடுவது தெரிந்தது. சில நாய்களுக்கு எப்போதும் ஓடுவதுதான் பிடிக்கும், துரத்துவது பிடிக்காது.

சந்தேகம் வந்தால் ஒரு எளிய சோதனை செய்யலாம். மேலே ஏறி அழுத்தும் நாயை, அதிக உற்சாகத்தில் இருக்கும் நாயை, சில நொடி பிடித்து நிறுத்துங்கள். கீழே இருந்த நாய் என்ன செய்கிறது? அதுவே திரும்பி வந்து குனிந்து வம்பிழுத்தால் அதற்கும் விளையாட்டு வேண்டும். நாற்காலிக்கு அடியிலோ உங்கள் காலுக்குப் பின்னாலோ போய் நின்றால் வேண்டாம் என்று பொருள். விளையாட்டை அங்கேயே முடித்துவிடுங்கள்.

## சந்திப்புக்கு முன்: உடல்நலம்

புதிதாக வரும் நாயை முதலில் கால்நடை மருத்துவரிடம்தான் கொண்டுபோக வேண்டும். தெருவிலிருந்தோ காப்பகத்திலிருந்தோ வந்தால், வீட்டு நாயோடு சேர்க்காமல் சுமார் இரண்டு வாரம் தனி அறையில், தனிப் பாத்திரத்தில் வைத்திருப்பது நல்லது. பார்வோ, டிஸ்டெம்பர், கென்னல் காஃப் போன்ற நாய்த் தொற்றுநோய்கள் உள்ளே இருந்தால் பெரும்பாலும் இந்த நாட்களில் தெரிந்துவிடும். பார்வோ கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியது, சாதாரண ஃபினாயிலுக்கு அடங்காது. ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்தை 30 பங்கு தண்ணீரில் கலந்து துடைக்க வேண்டும். உண்ணியையும் இந்த நாட்களிலேயே ஒழித்துவிடுங்கள்.

ரேபிஸ் மட்டும் இந்தக் கணக்கில் வராது. அது வெளிப்பட மாதங்கள்கூட ஆகலாம். ஆகவே வீட்டு நாயின் ரேபிஸ் தடுப்பூசி தேதி தாண்டாமல் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். புது நாய்க்கும் 3 மாத வயது ஆகியிருந்தால் உடனே போட்டுவிடலாம். சென்னை மாநகராட்சிப் பகுதியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் வேண்டும், அதற்கும் தடுப்பூசிச் சான்று தேவை.

குட்டி நாய் என்றால் ஒரு சிக்கல். 3 வாரம் முதல் 12, 14 வாரம் வரையிலான வயதில்தான் குட்டி உலகத்தோடு பழகுகிறது. அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் நீண்டகாலம் செய்த ஆய்வுகள் இதை நிறுவின. தடுப்பூசி வரிசையோ 16 வாரம் வரை நீள்கிறது. முழுக்க முடியட்டும் என்று காத்திருந்தால் பழகும் பருவம் போய்விடும். முதல் ஊசி போட்டு ஒரு வாரம் ஆனதும், தடுப்பூசி போட்ட, சாதுவான, தெரிந்த வீட்டு நாய்களோடு சுத்தமான இடத்தில் பழகவிடலாம். தெருமுனைக்கும் பூங்காவுக்கும் இறக்கிவிடுவது மட்டும் பிறகு.

பெண் நாய் பருவத்தில் இருக்கும் சுமார் மூன்று வாரத்தில் எந்தப் புதுச் சந்திப்பும் வேண்டாம்.

## சந்திப்பை நடத்தும் விதம்

இரண்டு நாய்க்கு இரண்டு பெரியவர்கள். குழந்தைகள் வீட்டில் இருக்கட்டும். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். சூடான தார் ரோட்டில் கால் பொசுங்கும் நாய்க்குப் பொறுமை இருக்காது.

1. வாசனை முதலில். புது நாய் தனியாக இருக்கும் நாட்களிலேயே, மருத்துவர் நோயில்லை என்று சொன்ன பிறகு, அது படுத்த துணியைப் பழைய நாய்க்கும், பழையதின் துணியைப் புதியதற்கும் மோக்கக் கொடுங்கள். மோந்து பார்க்கும்போது ஒரு துண்டு வேகவைத்த சிக்கன்.

2. பொதுவான இடம். உங்கள் வீட்டு வாசலும் வேண்டாம், பழைய நாய் தினமும் சிறுநீர் விட்டு வரும் தெருவும் வேண்டாம். தெருநாய்த் தொல்லை இல்லாத, அகலமான வேறொரு தெரு அல்லது காலி மைதானம்.

3. தூரத்தில் தொடங்குங்கள். 15, 20 மீட்டர் இடைவெளி. ஒன்று மற்றதைப் பார்த்துவிட்டுத் தானாகத் திரும்பி உங்களைப் பார்க்கிறதா? அந்தத் தூரம் சரி. பார்வையை எடுக்கவே இல்லை என்றால் இன்னும் தள்ளிப் போங்கள்.

4. ஒரே திசையில் நடங்கள். இதுதான் முழு வேலையின் உயிர். இரண்டு பேரும் எதிரெதிராக வராமல், தெருவின் இரு ஓரங்களில் ஒரே பக்கமாக நடக்க வேண்டும். நாய்கள் வெளிப்பக்கம், மனிதர்கள் நடுவில். பத்துப் பதினைந்து நிமிடத்தில் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். சேர்ந்து நடக்கும்போது நாய்களுக்கு ஒன்றையொன்று முறைத்துப் பார்க்க வேண்டிய தேவை இல்லாமல் போகிறது. ஒரே காற்று, ஒரே மோப்பம், ஒரே திசை. முன்னால் போன நாய் மோந்த இடத்தைப் பின்னால் வருவது மோந்து பார்க்கட்டும். அங்கேயே அறிமுகம் பாதி முடிந்துவிடும்.

5. மூன்று நொடி மோப்பம். இரண்டும் தளர்வாக இருந்தால் பின்பக்கம் மோக்க விடுங்கள். கயிறு தொய்வாக இருக்கட்டும். மனதுக்குள் மூன்று எண்ணி, உற்சாகமான குரலில் கூப்பிட்டு நகர்ந்துவிடுங்கள். மோப்பம் நீண்டுகொண்டே போனால் பதற்றம் ஏறிச் சண்டை கிளம்பலாம். இப்படி மூன்று நான்கு முறை.

6. அன்று அவ்வளவுதான். நன்றாகப் போகிறதே என்று இழுக்காதீர்கள். ஒரு நாள் நடையில் முடிந்துவிடும் ஜோடிகளும் உண்டு, இரண்டு வாரம் நடந்தே பழகும் ஜோடிகளும் உண்டு.

7. கயிறில்லா விளையாட்டு, வேலி போட்ட இடத்தில். முதலில் கயிற்றைத் தரையில் இழுபட விடுங்கள், தேவைப்பட்டால் பிடித்துக்கொள்ளலாம். பந்து, எலும்பு, பிஸ்கட் எதுவும் கண்ணில் படக்கூடாது. ஐந்து நிமிடம் போதும்.

## வீட்டுக்குள் வந்த பிறகு

தெருவில் நன்றாக நடந்த ஜோடி வீட்டுக்குள் முட்டிக்கொள்வதற்குக் காரணம் பெரும்பாலும் சாப்பாடு, படுக்கை, உங்கள் மடி, வாசல்படி இவற்றில் ஒன்றுதான். தனக்கு வேண்டியதை நாய் காவல் காப்பது இயல்பு. இரண்டு தட்டும் வேறு வேறு அறையில், கதவு சாத்தி. சாப்பிட்டு முடித்ததும் தட்டை எடுத்துவிட வேண்டும், காலித் தட்டுக்கும் சண்டை வரும். தண்ணீர் இரண்டு இடத்தில். முதல் சில வாரம் நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் இரண்டையும் பிரித்தே வையுங்கள்.

மணி அடித்து விருந்தாளி வரும் நேரம், பட்டாசு வெடிக்கும் தீபாவளி நாட்கள், ஒன்றை மட்டும் மருத்துவரிடம் கூட்டிச் சென்று திரும்பும் நேரம் ஆகியவற்றில் கூடுதல் கவனம் வேண்டும். படபடப்பு ஒன்றன் மேல் ஒன்றாகச் சேரும்போது, நேற்று பொறுத்துக்கொண்டதை நாய் இன்று பொறுத்துக்கொள்ளாது.

சில ஜோடிகளுக்குத் தொடக்கத்திலிருந்தே கூடுதல் நாட்கள் ஒதுக்குங்கள். ஒரே வீட்டில் கடுமையாக மோதிக்கொள்ளும் ஜோடிகளில் ஒரே பாலினம், குறிப்பாக இரண்டு பெண் நாய்கள், அதிகம். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் போன்ற வேட்டை நாய்களோடு பொமரேனியன் அளவுள்ள சிறிய நாயைக் கயிறில்லாமல் ஓடவே விடாதீர்கள். ஓடும் விலங்கைத் துரத்தி வேட்டையாட வளர்க்கப்பட்ட இனங்கள் அவை. விளையாட்டாகத் தொடங்கிய துரத்தல், சின்னது கத்தியதும் வேட்டையாக மாறிவிடக்கூடும். அதில் கோபம் எதுவும் இல்லை, அதனால் உறுமல் எச்சரிக்கையும் இருக்காது. வயதான நாயிடம் குட்டியை விடும்போது, முதியதற்குக் குட்டி ஏற முடியாத ஓர் இடம் கட்டாயம் வேண்டும்.

## சண்டை வந்துவிட்டால்

கழுத்துப்பட்டையைப் பிடிக்கக் கையை நடுவில் விடாதீர்கள். வளர்ப்பவர்கள் கடிபடுவது பெரும்பாலும் அப்படித்தான். ஒரு வாளித் தண்ணீரை முகத்தில் ஊற்றுங்கள், அல்லது நடுவே பலகை, நாற்காலி, தடித்த போர்வை எதையாவது நுழையுங்கள். அதற்கும் சண்டை நிற்கவில்லை என்றால், இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு நாயின் பின்தொடைகளைப் பிடித்துத் தூக்கிப் பின்னோக்கி இழுக்க வேண்டும். ஒன்று கவ்விப் பிடித்திருந்தால் இழுக்கக் கூடாது, சதை கிழிந்துவிடும். பிரித்ததும் தனித்தனி அறை. அன்றே மறுபடி சேர்த்து "சமாதானம்" செய்துவைக்க வேண்டாம்.

மனிதருக்குப் பல் பட்டிருந்தால், தடுப்பூசி போட்ட வீட்டு நாயாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ மருத்துவமனைக்கோ போங்கள். நாயின் உடம்பில் பட்ட கடி வெளியே சின்ன ஓட்டையாகத் தெரிந்தாலும் தோலுக்கு அடியில் கிழிந்திருக்கும், இரண்டு நாளில் சீழ் வைக்கும். முடியை ஒதுக்கிக் கழுத்து, காது, முன்கால் இடுக்கு எல்லாம் பார்த்து, மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

ஒருமுறை கடித்துக்கொண்ட ஜோடியை மறுபடி தொடங்கும்போது முன்பு நின்ற இடத்திலிருந்து தொடர முடியாது. வேறு தெரு, 20 மீட்டர் தூரம், ஒரே திசை நடை, எல்லாம் முதலிலிருந்து. ரத்தம் வரும் அளவுக்கு இரண்டாவது முறையும் நடந்தால், வாய்மூடியைச் சிக்கன் கொடுத்துப் பழக்கிவிட்டு, நாய் நடத்தை தெரிந்த கால்நடை மருத்துவரை வைத்துக்கொண்டுதான் அடுத்த சந்திப்பு. கடைசிவரை விளையாடவே செய்யாத ஜோடிகளும் உண்டு. ஒன்று ஜன்னலோரத்திலும் மற்றது அடுக்களை வாசலிலும் படுத்துக்கொண்டு, எழுந்து போகும்போது ஒன்றுக்கொன்று வளைந்து வழிவிட்டு வாழ்ந்துவிடும். அந்த வளைந்த நடை வந்துவிட்டதென்றால் இரண்டும் பழகிவிட்டன.